காகிதக் குழலில் ஒரு கூடை

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நான் முதலில் எழுத நினைத்தது வேறு தலைப்பு. "டேய், நீ சாய்ஞ்ச ஜாடியைப் பத்தி எழுதுடா, அதுதான் உனக்குப் பொருத்தம்" என்றார்கள் அறை நண்பர்கள். கேலியாகச் சொன்னதுதான். யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் அந்தச் சாய்ந்த ஜாடியில்தான் இருக்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். படித்து முடித்ததும் பழைய பேப்பரைக் கையில் எடுத்தீர்களானால் எனக்கு மகிழ்ச்சி.

சாய்ந்த கதை

சென்ற ஆண்டு துறைக் கண்காட்சிக்கு ஆளுக்கு ஒரு பொருள் செய்ய வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் மாதிரி பம்பு, மாதிரி கிரேன் என்று கிளம்பினார்கள். என் பையில் காசு இல்லை. விடுதியில் பழைய செய்தித்தாள் குவிந்து கிடந்தது. பேப்பரைச் சுருட்டிக் குழலாக்கி, கூடை பின்னுவது போலப் பின்னிப் பூ ஜாடி செய்யலாம் என்று எங்கோ பார்த்த ஞாபகம். ஒரு அடி உயரத்துக்குப் பின்னிவிட்டேன். மெஸ்ஸில் கேட்டு வாங்கிய மைதாவில் பசை, மேலே சிவப்புப் பெயிண்ட். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

கண்காட்சிக்கு முந்தைய இரவு மழை. காலையில் மேசையில் வைத்தேன். பத்து மணிக்கு லேசாகச் சாய்ந்தது. விருந்தினர் எங்கள் வரிசைக்கு வந்தபோது, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வது போல முழுதாகவே குனிந்துவிட்டது! "பைசா கோபுரம்டா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். விருந்தினர் சிரித்துக்கொண்டே, "இதில் எந்தக் கணக்கை வைத்துக் கட்டினாய்?" என்று கேட்டார். பதில் இல்லை. வலிமையியல் தாளில் நல்ல மார்க் வாங்கியவன் நான். அந்த ஜாடியில் ஒரு வரி கணக்கும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பேருந்து நிலையத்துப் பாட்டி

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மூங்கில் கூடை பின்னி விற்கும் பாட்டி ஒருவர் உண்டு. அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனபோது ஜாடியைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஜாடியைத் தலைகீழாகத் திருப்பி, நிற்கும் குழல்களை விரலால் ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பன்னெண்டு வச்சிருக்கியே தம்பி. ஒத்தப்படையில வைக்கணும். ரெட்டப்படைன்னா பின்னல் பூட்டாது."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு பின்னலை நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, "கயிறு மாதிரி தொளதொளன்னு கெடக்கு. ஒவ்வொரு சுத்துக்கும் தட்டி எறக்கணும் கண்ணு" என்றார். இரண்டு வாக்கியம்! பேருந்தில் திரும்பி வரும்போது நோட்டுப் புத்தகத்தில் வட்டம் போட்டு, புள்ளி வைத்து, கோடு இழுத்துப் பார்த்தேன். பாட்டி சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

ஒற்றைப்படை ஏன்?

கூடையில் இரண்டு வகைக் குழல் உண்டு. அடியிலிருந்து மேலே எழும்பி நிற்பவை ஒரு வகை. இவற்றை 'நிற்கும் குழல்' என்போம். இவற்றுக்கு முன்னும் பின்னுமாக வளைந்து சுற்றி வருவது 'ஓடும் குழல்'. தறியில் பாவும் ஊடையும் இருப்பது போலத்தான்.

இப்போது 12 நிற்கும் குழல்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் குழல் முதலாவதற்கு முன்னால், இரண்டாவதற்குப் பின்னால், மூன்றாவதற்கு முன்னால்… என்று போனால் பன்னிரண்டாவதற்குப் பின்னால் முடியும். அடுத்தது மறுபடி முதலாவது. அதற்கு மறுபடியும் முன்னால்தான் போகும்! அதாவது எத்தனை சுற்றுச் சுற்றினாலும் முதல் குழல் எப்போதும் உள்ளேயே இருக்கும், இரண்டாம் குழல் எப்போதும் வெளியேயே இருக்கும். இரண்டு பக்கத்திலிருந்தும் பிடிப்பு இல்லை. வரிகள் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்குமே தவிர, பூட்டிக்கொள்ளாது.

13 வைத்தால்? பதின்மூன்றாவதற்கு முன்னால் முடிந்து, அடுத்த சுற்றில் முதலாவதற்குப் பின்னால் போகும். ஒவ்வொரு சுற்றிலும் முன்பின் மாறிக்கொண்டே வரும். ஒவ்வொரு நிற்கும் குழலையும் ஒரு வரி முன்னாலிருந்தும், அடுத்த வரி பின்னாலிருந்தும் நெருக்கிப் பிடிக்கும். இந்த நெருக்கத்தால் வரும் உராய்வுதான் கூடையின் பலம். பசை வெறும் துணைக்குத்தான்.

இரட்டைப்படைதான் வேண்டும் என்றால் வழி இல்லாமல் இல்லை. இரண்டு ஓடும் குழல்களை எடுத்து, ஒன்று முன்னாலும் மற்றது பின்னாலும் போகுமாறு, ஒவ்வொரு இடைவெளியிலும் ஒன்றோடொன்று குறுக்கே மாற்றி மாற்றிப் பின்ன வேண்டும். இதற்கு எந்த எண்ணும் சரி. ஆனால் பழகும்போது ஒற்றைப்படையே நல்லது.

காகிதத்துக்கு எங்கிருந்து வந்தது பலம்?

இனி நம் பாடத்துக்கு வருவோம். செய்தித்தாள் ஒரு துண்டைக் கையில் நீட்டிப் பிடித்தால் தொங்கிவிடும். அதே துண்டைக் குழலாகச் சுருட்டினால் குச்சி போல நிற்கும். காகிதம் அதேதான், எடையும் அதேதான். மாறியது வடிவம் மட்டும்.

கணக்குப் போடுவோம். 10 செ.மீ. அகலத் துண்டு. செய்தித்தாளின் தடிமன் ஏறக்குறைய 0.07 மி.மீ. தட்டையாக இருக்கும்போது மொமெண்ட் ஆப் இனெர்ஷியா, அகலம் × தடிமனின் மும்மடி ÷ 12. அதாவது 100 × 0.000343 ÷ 12. விடை 0.0029 அளவில் வரும். இதையே வெளிவிட்டம் 5 மி.மீ., உள்விட்டம் 4 மி.மீ. உள்ள குழலாகச் சுருட்டினால் குறுக்குவெட்டில் காகிதத்தின் பரப்பு ஏறக்குறைய அதே 7 சதுர மி.மீ.தான். ஆனால் குழலுக்கான சூத்திரத்தில் (625 − 256) ஐ பையால் பெருக்கி 64-ஆல் வகுத்தால் 18 வருகிறது. வளைவை எதிர்க்கும் விறைப்பு ஆறாயிரம் மடங்குக்கு மேல்! அடுக்குகள் எல்லாம் ஒட்டி ஒரே பொருளாக வேலை செய்தால்தான் இந்த ஏட்டுக் கணக்கு பலிக்கும். நாம் சுருட்டும் குழலில் அவ்வளவு வராது. இருந்தாலும் பொருளை நடுக்கோட்டிலிருந்து தள்ளி வைத்தால் விறைப்பு ஏறும் என்ற பாடம் இதைவிடத் தெளிவாக எந்தப் படத்திலும் எனக்குப் புரிந்ததில்லை. சைக்கிள் பிரேமும் நாற்காலிக் காலும் ஏன் குழாயாக இருக்கின்றன என்று வைவாவில் கேட்டால், இனி தைரியமாகச் சொல்லலாம்.

ஒரு எச்சரிக்கை: குழல் நசுங்கிவிட்டால் இந்தப் பலம் போச்சு. ஆகவே நிற்கும் குழல்களை நசுக்காமல் பாதுகாக்க வேண்டும். ஓடும் குழல்கள் பின்னும்போது தானே தட்டையாகும். அது நல்லதுதான், தட்டையானால்தான் வளைந்து கொடுக்கும். நான் முதல் ஜாடியில் இரண்டையும் சேர்த்து நசுக்கி வைத்திருந்தேன்!

தேவையான பொருட்கள்

பேனா வைக்கும் சிறு கூடை ஒன்றுக்கு (8 செ.மீ. விட்டம், 10 செ.மீ. உயரம்):

1. செய்தித்தாள் விரித்த முழுத்தாள் – 4
2. பழைய சைக்கிள் போக்ஸ் கம்பி – 1 (குடைக்கம்பியும் ஆகும்)
3. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை – சிறு டப்பா
4. தடித்த அட்டை, கத்தரிக்கோல், ஸ்கேல், கோணமானி, ரப்பர் பேண்டு
5. அச்சாக வைக்க 8 செ.மீ. விட்டத்துக்குச் சற்றுக் குறைவான டப்பா ஒன்று
6. பூச்சுக்குக் கொஞ்சம் வார்னிஷ்

மைதாப் பசை மலிவுதான். ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும். புத்தகம் பைண்டு செய்பவர்கள் இதற்காகவே பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு. வீட்டில் குழந்தைகள் கை படும் பொருளுக்கு வேண்டாம்.

குழல் சுருட்டுதல்

இதுதான் பாதி வேலை. பொறுமையாகக் கேளுங்கள்.

காகித ஆலையில் காகிதம் ஓடும் திசையில்தான் நார்கள் பெரும்பாலும் படுத்திருக்கும். மரத்துக்கு ரேகை இருப்பது போலக் காகிதத்துக்கும் உண்டு. பெரிய செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்துப் பாருங்கள், ஸ்கேல் வைத்தது போல நேராகக் கிழியும். குறுக்கே கிழித்தால் கோணல் மாணலாகப் போகும். நேராகக் கிழியும் திசைதான் நார்த்திசை. அந்தத் திசையிலேயே நீளம் வருமாறு 10 செ.மீ. அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு முழுத்தாளில் ஆறு துண்டு வரும். நீளம் ஏறக்குறைய 54 செ.மீ. இருக்கும். அச்சில்லாத ஓரம் வெளிப்பக்கம் வருமாறு சுருட்டினால் குழல் வெள்ளையாக, பார்க்க அழகாக இருக்கும்.

துண்டின் ஒரு மூலையில் கம்பியை வையுங்கள். துண்டின் நீளப் பக்கத்துக்கும் கம்பிக்கும் 20 முதல் 30 டிகிரி சாய்வு இருக்கட்டும். மூலையைக் கம்பியின் மேல் இறுக்கிச் சுருட்டிக்கொண்டே போங்கள். கடைசி மூலையில் ஒரு சொட்டுப் பசை. கம்பியை உருவிவிடுங்கள். குழல் தயார்.

ஏன் சாய்வாக? நான் முதலில் ஓரத்துக்கு இணையாக, பாய் சுருட்டுவது போலச் சுருட்டினேன். அப்போது காகிதத்தின் விளிம்பு நேர்க்கோடாகக் குழல் நெடுக ஓடும். வளைத்தால் அந்தக் கோட்டில் வாய் பிளந்துவிடும். சாய்வாகச் சுருட்டினால் விளிம்பு திருகு போலச் சுற்றிச் சுற்றி வரும், பலவீனமான கோடு ஒரே பக்கத்தில் சேராது. துணிக்கடையில் துணி சுற்றி வரும் நீளக் காகிதக் குழாயை அடுத்த முறை உற்றுப் பாருங்கள். சாய்வான கோடு சுற்றிச் சுற்றி ஓடுவது தெரியும்.

சாய்வாகச் சுருட்டிய குழலுக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு முனை சற்று மெலிந்தும் மறுமுனை சற்று அகன்றும் வரும். ஒன்றின் மெல்லிய முனையை அடுத்ததன் அகன்ற முனைக்குள் பசை தொட்டு 3 செ.மீ. செருகினால் எவ்வளவு நீளத்துக்கும் ஓடும் குழல் கிடைக்கும்.

நாலு தாளுக்கு 24 குழல். நிற்கும் குழலுக்கு ஒரு முழுக் குழலை இரண்டாக வெட்டினாலே போதும் (அடியில் ஒட்ட 3, உயரம் 10, மேலே மடிக்க மீதி). ஆகவே 13-க்கு 7 குழல். ஓடும் குழலுக்கு, ஒரு சுற்று வளைவையும் சேர்த்து 28 செ.மீ. என்றால் 20 சுற்றுக்கு 560 செ.மீ.; அதற்கு 11 குழல். மொத்தம் 18. மீதி ஆறும் உங்கள் கையில் கெட்டுப்போவதற்கு! முதல் முறை கட்டாயம் கெடும், கவலை வேண்டாம்.

பின்னும் முறை

1. 8 செ.மீ. விட்டத்தில் இரண்டு அட்டை வட்டங்கள் வெட்டுங்கள். 360-ஐ 13-ஆல் வகுத்தால் 27.7 டிகிரி. கோணமானி வைத்து ஒரு வட்டத்தில் 13 கோடுகள் போடுங்கள். ஓரத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவே ஏறக்குறைய 1.9 செ.மீ. வரும்.

2. ஒவ்வொரு கோட்டிலும் ஒரு நிற்கும் குழலின் முனையை 3 செ.மீ. நீளத்துக்கு ஒட்டுங்கள். மேலே இரண்டாம் வட்டத்தை வைத்து ஒட்டி, தடித்த புத்தகம் ஏதாவது ஏற்றி ஒரு இரவு விடுங்கள். (வலிமையியல் புத்தகம் இதற்கு மிகப் பொருத்தம்.)

3. நடுவில் டப்பாவை வைத்து, குழல்களை மேலே மடித்து, ரப்பர் பேண்டு போட்டு நிறுத்துங்கள்.

4. ஓடும் குழலின் முனையை ஒரு நிற்கும் குழலின் உள்பக்கத்தில் பசை தொட்டு ஒட்டி, முன்னும் பின்னுமாக ஓட்டுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஸ்கேலின் ஓரத்தால் தட்டிக் கீழே இறக்குங்கள். பாட்டியின் இரண்டாவது பாடம் இதுதான்.

5. இணைப்பு எப்போதும் ஒரு நிற்கும் குழலுக்குப் பின்னால், உள்பக்கம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே தெரியாது, பிரியவும் பிரியாது.

6. இழுத்துப் பிடித்தால் கூடை குறுகும், தளர்த்தினால் அகலும். ஆரம்பத்தில் அச்சுடப்பாவை விட்டு விலக வேண்டாம். கை பழகியபின் டப்பாவை எடுத்துவிட்டு, இந்த இழுவையை வைத்தே குடம் போலவும் ஜாடி போலவும் வடிவம் கொண்டுவரலாம்.

7. 10 செ.மீ. உயரம் வந்ததும் ஓடும் குழலை வெட்டி உள்ளே ஒட்டுங்கள். ஒவ்வொரு நிற்கும் குழலையும் அடுத்த குழலுக்குப் பின்னால் உள்பக்கமாக மடக்கி, கம்பியால் இடம் விலக்கி, மூன்று நான்கு வரிக்குக் கீழே செருகுங்கள். ஒரு சொட்டுப் பசை. மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

8. வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து முழுக்கப் பூசி, நிழலில் காயவிடுங்கள். நன்றாகக் காய்ந்தபின் வார்னிஷ்.

ஈரம் என்ற எதிரி

பாட்டி மூங்கில் பட்டையை நனைத்து நனைத்துப் பின்னுவார். "நானும் பேப்பரை நனைக்கலாமா?" என்று கேட்டபோதுதான் அவர் சிரித்தார். காகிதம் செல்லுலோஸ் நார்களால் ஆனது. நார்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பவை பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் நுழைந்தால் அந்தப் பிணைப்புகள் விட்டுவிடும். என் ஜாடி மழைக்காற்றில் குனிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெயிண்டை வெளியே மட்டும் அடித்திருந்தேன். உள்பக்கம் ஈரத்தைக் குடித்துவிட்டது. ஆகவே பூச்சு உள்ளும் புறமும் வேண்டும், குறிப்பாக அடிப்பாகத்தில். நேர் வெயிலும் ஆகாது. செய்தித்தாளில் மரத்தின் லிக்னின் மிகுதியாக இருப்பதால் வெயிலில் மஞ்சளாகிவிடும்.

இன்னொன்று. இந்தக் கூடையில் முறுக்கு, பழம் வைத்து வீட்டில் நீட்டாதீர்கள். அச்சு மை உணவில் படக் கூடாது. செய்தித்தாளில் உணவு பொட்டலம் கட்டக் கூடாது என்று நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016-இல் எச்சரித்து, 2018-இல் விதியிலும் சேர்த்தது. பேனா, சீப்பு, சாவி, உலர்ந்த பூ ஆகியவற்றுக்கு மட்டும் போதும்.

உலகம் பின்னிய காகிதம்

இது வெறும் பொழுதுபோக்கு என்று யாராவது சொன்னால் மூன்று பேரைச் சொல்லுங்கள்.

ஜப்பானியர்கள் காகிதத்தை மெல்லிய நாடாவாக வெட்டி, முறுக்கி நூலாக்கி, தறியில் நெய்து துணியே செய்தார்கள். அதன் பெயர் ஷிஃபு. மியாகி மாநிலத்தின் ஷிரோயிஷி நகரம் அதற்குப் பெயர் பெற்றது.

ஜெர்மனியில் ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற ஊரில் சிறு குழந்தைகளுக்கான கல்விக்கூடத்தைத் தொடங்கி, 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அவர் வகுத்த கைவேலைகளில் வண்ணக் காகிதப் பட்டை பின்னுவதும் ஒன்று. எண்ணையும் வடிவையும் குழந்தை விரலால் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பதின்மூன்று எண்ணிய பாட்டியை அவர் பார்த்திருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்!

மூன்றாவது ஆள் நம் இனம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து மெனோமினி ஊர்க்காரர் மார்ஷல் பர்ன்ஸ் லாயிட். 1917-இல், முறுக்கிய கிராஃப்ட் காகிதத்தை இயந்திரத்தில் நெய்து நாற்காலி செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மனிதர் உட்காரும் நாற்காலி! நிற்கும் இழைகளுக்குள் மட்டும் இரும்புக் கம்பி வைத்து, அதைச் சுற்றிக் காகிதம் முறுக்கினார். கான்கிரீட்டுக்குள் கம்பி வைப்பது போல, தாங்க வேண்டிய இடத்தில் மட்டும் இரும்பு. நாமும் பெரிய ஜாடி பின்னும்போது நிற்கும் குழலுக்குள் கட்டுக்கம்பி நுழைத்துக்கொள்ளலாம். என் இரண்டாவது ஜாடி அப்படித்தான் நின்றது, இன்றும் விடுதி ஜன்னலில் நிற்கிறது.

இதில் சம்பாதிக்க முடியுமா?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். உண்மையைச் சொல்கிறேன். என் கை வேகத்துக்கு 24 குழல் சுருட்ட ஒன்றரை மணி நேரம், பின்ன இரண்டு மணி நேரம், முடிக்க அரை மணி. ஆக நாலு மணி நேரம். நண்பன் ஒருவனின் அக்கா அறுபது ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கினார். பசைக்கும் வார்னிஷுக்கும் இருபது போனால் மிச்சம் நாற்பது. மணிக்குப் பத்து ரூபாய்!

அந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு வேறொரு நாள் ஞாபகம் வந்தது. இரண்டு வருடம் முன்பு அம்மாவுக்காக இதே பாட்டியிடம் ஒரு கூடை வாங்கினேன். அரைமணி பேரம் பேசி முப்பது ரூபாய் குறைத்தேன். வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். அவர் மூங்கிலை வாங்கி வந்து, பிளந்து, சீவி, நனைத்து, எண்ணி, பின்னி… எனக்குக் குழல் சுருட்டிக் கட்டைவிரல் தோல் உரிந்தபோதுதான் அந்த முப்பது ரூபாய் யாருடையது என்று புரிந்தது.

போன மாதம் பேனாக் கூடை ஒன்றை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியதும் முதலில் தலைகீழாகத்தான் திருப்பினார். விரலால் எண்ணினார். பதின்மூன்று.

"அடி நல்லா வந்திருக்கு. வாய் மடிப்புதான் இன்னும் படியல. நாலு கூடை போட்டா வந்துரும்."

எந்த வைவாவிலும் எனக்கு இப்படி மார்க் கிடைத்ததில்லை. அன்றைக்கு ஒரு மூங்கில் முறம் வாங்கினேன். அவர் சொன்ன விலையைக் கொடுத்தேன். "என்ன தம்பி, கொறைச்சுக் கேக்கலியா?" என்றார். சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

நண்பர்களே, இந்தக் கூடையை வைத்துப் பிழைக்கலாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று பின்னிப் பாருங்கள் என்கிறேன். நாளை தொழிற்சாலையில் கைவேலைக்காரர் ஒருவர் "இது இப்படி நிக்காது தம்பி" என்று சொன்னால், டிப்ளமோக்காரன் என்ற மிடுக்கில் தட்டிவிடாமல், நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சரியாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

சந்தேகம் இருந்தால் விடுதியில் என் அறைக்கு வாருங்கள். ஜன்னலில் ஜாடி இருக்கும். பழைய பேப்பரும் சைக்கிள் கம்பியும் நீங்கள் கொண்டுவாருங்கள், பசை என்னுடையது!